குழந்தைகளோடு ஊட்டி மலை ரயில்: எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம்

மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலைப் பலரும் ஒரே பயணமாகப் பேசுகிறார்கள். சனி, ஞாயிறு விடுமுறையில் சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது மூன்று தனிப் பயணம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறுவது ஒன்று. குன்னூர் – ஊட்டி இடையே மட்டும் போவது ஒன்று. ஊட்டியிலிருந்து பிற்பகலில் இறங்குவது ஒன்று. தண்டவாளம் ஒன்றுதான், ஆனால் எட்டு வயதுக்குப் பிடிப்பது மூன்று வயதுக்குத் தண்டனை.

முதலில் முழு ஏற்றம். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி ஊட்டி வந்து சேர நண்பகல் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா என்று சலிப்பவர்கள் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். மலையடிவாரக் கல்லாறு நிலையம் தாண்டியதும் சில இடங்களில் 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் ஏறுகிற சரிவு. சாதாரண இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். அதற்காகத்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள். அருகருகே இரண்டு பட்டை, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் ஒரு பட்டையை விடும் நேரத்தில் இன்னொன்றைப் பிடித்திருக்கும். இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுதான். சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார்.

ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல இயந்திரப் பாடம் கிடையாது. ஏறும் முன்பே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்: எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். இணைப்பு எங்காவது விட்டுப் போனாலும் பெட்டிகள் கீழ்நோக்கி ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும், காரணம் அதுதான். எஞ்சின் டிரைவர் பின்னால் இருப்பதால் அவருக்குப் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறமும் பிரேக்கை இயக்கும் ஊழியர், அதாவது பிரேக்ஸ்மேன், ஒருவர் நின்றுகொண்டு, முன்னால் உள்ளவர் காட்டும் பச்சை, சிவப்புக் கொடியை அப்படியே பின்னால் கடத்துவார். வளைவு வரும்போது ஜன்னல் வழியாக இந்தக் கொடி வரிசை தெரியும். நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர், சாதாரணச் சக்கரங்களைச் சுழற்ற இரண்டு, பல்சக்கரத்தைச் சுழற்ற இரண்டு. கல்லாறு தாண்டியதும் சத்தத்தின் தாளமே மாறும். கவனித்துக் கேட்கச் சொன்னால் பிள்ளைகள் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இனி, யாருக்கு ஆகாது என்பது. பால்குடி மறக்காத கைக்குழந்தை பரவாயில்லை, ஆட்டத்தில் தூங்கிவிடும். நடக்கப் பழகிய ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரைதான் பாடு. பெட்டிகள் பழைய பாணியில் எதிரெதிர் பெஞ்சுகளாக, ஆளோடு ஆள் முழங்கால் இடிக்கும் அளவுக்கு இருக்கும். வண்டி ஓடும்போது ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வழியில்லை. கழிப்பறையும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் பாலம், குகை, அருவி என்று போய்விடும். இரண்டாவது மணி நேரத்தில் தின்பண்டம் காலியாகும். மூன்றாவதில் அழுகை ஆரம்பிக்கும், இறங்க இடமிருக்காது. ‘குழந்தைகள் ரயில் என்றால் உயிரை விடுவார்கள்’ என்று சொல்கிறவர்கள் ஐந்து மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கழிப்பறைக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறும் முன் ஒன்று. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் ஹில்குரோவ்தான் குடும்பத்துக்கு உதவும் நிறுத்தம். அங்கே டீ கிடைக்கும், கழிப்பறையும் உண்டு. அடுத்தது குன்னூர். அங்கே எஞ்சின் மாற்றுவதால் கொஞ்சம் நேரம் இருக்கும். டயப்பரை விட்டுப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அன்று ஒரு நாள் மட்டும் மறுபடி டயப்பர் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். தண்ணீரே கொடுக்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஹில்குரோவில் இறங்கும்போது கையில் தின்பண்டப் பொட்டலம் கூடாது. அங்கே உள்ள குரங்குகளுக்கு வண்டி வரும் நேரம் தெரியும். சின்னக் குழந்தையின் கையில் இருப்பது குரங்கின் உயரத்துக்குச் சரியாக எட்டும். பிடுங்கும்போது நகம் பட்டால் ஊசி போட மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். நின்றிருக்கும்போது ஜன்னலையும் மூடி வையுங்கள். சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. பூரி, வடை, கிரீம் பிஸ்கட் மூன்றும் வளைவில் வாந்தியாகத் திரும்பி வரும்.

டிக்கெட் விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம் என்பது விதி. ஆனால் டிக்கெட் இல்லை என்றால் இருக்கையும் இல்லை. 15 கிலோ எடையுள்ள குழந்தையை ஐந்து மணி நேரம் மடியில் வைத்திருப்பது எப்படி என்று யோசியுங்கள். மூன்று வயதானாலே முழுக் கட்டணம் கொடுத்துத் தனி இருக்கை எடுத்துவிடுவது நல்லது. முன்பதிவு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஏப்ரல், மே வார இறுதி என்றால் திறந்த கொஞ்ச நேரத்தில் காத்திருப்புப் பட்டியல்தான். முன்பதிவில்லாத இடங்களுக்கு விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். குழந்தையோடு அந்த வரிசையை நம்பி வராதீர்கள். முதல் வகுப்பில் மெத்தை இருக்கை, இடமும் சற்றுத் தாராளம். காசு போனாலும் போகட்டும் என்று வேறெங்கும் சொல்ல மாட்டோம், இங்கே சொல்லலாம்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு வந்து, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அப்படியே மலை ரயில் ஏறுவதுதான் வழக்கமான திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. இரவு முழுக்க ரயில், அதற்கு மேல் ஐந்து மணி நேரம் ரயில். ஊட்டியில் இறங்கும்போது குழந்தை கிழிந்த துணி மாதிரி இருக்கும். அன்று பிற்பகல் எந்தப் பூங்காவும் ஏறாது. இந்தத் திட்டத்தை எட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு நாம் பரிந்துரைப்பது குன்னூர் – ஊட்டி துண்டு. சுமார் 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அடிக்கடி நிற்கும். இந்தப் பகுதியில் பல்சக்கரம் இல்லை. டீசல் எஞ்சின்தான், வேகமும் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகும். மொத்த வழித்தடத்தில் உள்ள 16 குகைகளில் பெரும்பாலானவை கீழ்ப்பகுதியில் போய்விட்டாலும் மேலேயும் குகை உண்டு. பெட்டி மொத்தமும் ‘ஹோ’ என்று கத்தும் சடங்கும் உண்டு. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோசும் பயிரிட்ட படிக்கட்டு வயல்கள் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு விசில், குகை, ஜன்னல் மூன்றும் போதும். நீராவியா டீசலா என்று அது கேட்காது.

பெரியவர்களுக்கு நீராவியைத் தவறவிட்ட வருத்தம் இருக்குமானால் அதற்கும் வழி உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காலை வண்டி பத்தரை மணி வாக்கில் குன்னூர் வந்து சேரும். பத்தேகாலுக்கே பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே நில்லுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நீராவி எஞ்சின் வருவது, கழற்றப்பட்டு ஷெட்டுக்குப் போவது, டீசல் எஞ்சின் வந்து மாட்டுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். எஞ்சின் ஆவி விடும் நேரத்தில் பத்தடி தள்ளி நில்லுங்கள், சத்தத்தில் கைக்குழந்தை வீறிடும். அது முடிந்து வண்டி கிளம்பும்போது கொஞ்ச தூரம் பின்பக்கமாகப் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். ‘அப்பா, ரயில் திரும்பி வீட்டுக்குப் போகுது’ என்று எந்தக் குழந்தையும் கேட்கும் இடம் அது. இந்த அரை மணி நேரக் காட்சிக்குப் பிறகு அடுத்த வண்டியில் ஊட்டிக்குப் போகலாம். நாளுக்குப் பல நடை இருக்கிறது, நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கை கிடைக்காவிட்டால் ஊட்டிக்குப் பேருந்து ஓயாமல் ஓடுகிறது.

மூன்றாவது, இறக்கம். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் ஏறினால் மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முழு வழித்தடமும் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் சரி. மதியச் சாப்பாடு முடித்து ஏறுவதால் குன்னூர் வரை ஒரு தூக்கம் போடுவார்கள். குன்னூரில் நீராவி எஞ்சின் மாட்டும்போது விழித்துவிடுவார்கள், சுவாரசியமான பகுதி அதற்குப் பிறகுதான். இறங்கும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று வண்டியைத் தாங்கிக்கொண்டு போகும். அதாவது எஞ்சின் முன்னால் இருக்கும், ஆகவே முதல் பெட்டிக்குப் புகையும் கரியும் அடிக்கும். கண்ணில் தூசு விழுந்தால் கசக்கவிடாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குறை என்று சொன்னால், பல நாட்களில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். குன்னூருக்குக் கீழே ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் தெரியும்.

தங்குவதைப் பொறுத்தவரை எல்லோரும் ஊட்டிக்கு ஓடுகிறார்கள். குழந்தைகளோடு என்றால் குன்னூர் மேல். ஊட்டியைவிட உயரம் குறைவு, குளிரும் குறைவு. ஜனவரி இரவில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாத அறையில் ஒரு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டாம். மெரினாவிலோ மகாபலிபுரத்திலோ குழந்தையை மணலில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம், ஊர் மொத்தமும் சமதளம். மலையில் எங்கே போனாலும் படி, சரிவு, ஓரம். ஸ்ட்ரோலர் சக்கரம் பாதி இடத்தில் ஏறாது. முதுகில் கட்டும் பை அல்லது இடுப்பில் வைக்கும் கேரியர்தான் பயன்படும். அதனால் ‘எத்தனை இடம் பார்த்தோம்’ என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு புல்வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் சிம்ஸ் பூங்கா, 1874ல் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கும் அமைப்பு, கீழே குளம். இறங்குவது சுலபம், தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஏறுவதற்கு ஒரு பெரியவரின் மூச்சு வேண்டும்.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா. 1848ல் உருவானது, 22 ஹெக்டேர். வாசலை ஒட்டிய கீழ்ப் புல்வெளி குழந்தைகள் ஓடுவதற்கென்றே அமைந்தது போல இருக்கும். கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்று இருக்கிறது, 2 கோடி ஆண்டுப் பழமை. நான்கு வயதுக்கு மேல் உள்ளவர்கள் ‘மரமா கல்லா’ என்று பத்து நிமிடம் சண்டை போடுவார்கள். மேல் அடுக்குகளுக்கு ஏறும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் சின்னக் குழந்தையோடு உள்ளே போகவே வேண்டாம். பூ தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

படகு இல்லத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. ஜான் சல்லிவன் 1820களில் வெட்டிய ஏரி, ஊருக்கு அழகு. ஆனால் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் கழிவுநீர் அதில் வந்து கலக்கும் பிரச்சினை நெடுநாளாக இருக்கிறது. படகில் உட்கார்ந்து குழந்தை தண்ணீரில் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் 11 மணி தாண்டினால் வரிசையில் நிற்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். காலையில் திறந்ததும் போய்விட வேண்டும். மிதிபடகு வேண்டாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மிதிக்க முடியாது. துடுப்புப் படகு எடுங்கள். சின்ன அளவு உயிர்காப்பு உடை கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் அளவைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது அது மேலே நழுவி முகத்தை மூடும்.

சாலை வழியாக வருகிறவர்களுக்கு: மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இலேசாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. வாந்தி வரக் காரணம் சாப்பாடு மட்டுமல்ல. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது, கையில் உள்ள செல்போனைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இரண்டும் மோதும்போதுதான் வயிறு புரளும். ஆகவே செல்போனை வாங்கிப் பையில் போடுங்கள், கார் போகும் திசையில் தூரத்து மலையைப் பார்க்க வையுங்கள். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காது அடைத்தால் கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு மிட்டாய் கொடுங்கள், விழுங்கும்போது திறந்துவிடும். சளி பிடித்த குழந்தைக்கு இது வலிக்கும், ஏற்றத்தில் இரண்டு இடத்திலாவது நிறுத்திப் போங்கள்.

சொந்தக் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இருக்கும் நடைமுறை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஏப்ரல் – ஜூன் மாதங்களுக்கு நீலகிரிக்குள் வரும் வாகனங்களுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கடைசி நேரத்தில் விண்ணப்பித்து, கிடைக்காமல் சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு காத்துக்கிடப்பது வேண்டாத வேலை. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கடைத் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலும் ஃப்ளாஸ்க்கும் கொண்டுவாருங்கள். பயன்படுத்திய டயப்பருக்குத் தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரப் பள்ளத்தில் எறிகிற டயப்பரை யானையும் காட்டெருமையும் புரட்டுகின்றன.

இன்னும் இரண்டு சமாச்சாரம், முதல் தடவை வருகிறவர்கள் எதிர்பார்க்காதவை. மேட்டுப்பாளையத்தில் இறுக்கி மூடிய சிப்பர் பாட்டிலை ஊட்டியில் திறந்தால் ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். உள்ளே கீழ்நாட்டுக் காற்றழுத்தம், வெளியே மலைக் காற்றழுத்தம். சிப்ஸ் பாக்கெட்டும் பலூன் மாதிரி உப்பியிருக்கும், கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். பாட்டிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் தளர்த்துங்கள். அடுத்தது கஞ்சி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைக்கும் அரிசிக்கஞ்சி கொதித்துக்கொண்டே இருக்கும், அரிசி சீக்கிரம் வேகாது. தங்கும் இடத்தில் சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் 2 லிட்டர் குக்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வறுத்துப் பொடித்த கஞ்சி மாவு போதும், வேகும் நேரம் குறைவு. பால் காய்ச்சுவதில் பிரச்சினை இல்லை, கூட இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால்: ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. கூட்டம் குறைவு, வானம் தெளிவு, குளிர் மட்டும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு – குன்னூர் இடையே மண் சரிந்து தண்டவாளத்தில் பாறை விழும், சேவை நாள் கணக்கில் நிற்கும். ரத்தானால் கட்டணம் திரும்ப வந்துவிடும். ‘ரயில் எங்கே’ என்று கேட்கிற குழந்தைக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். மழை மாதத்தில் வந்தே ஆக வேண்டும் என்றால் ரயில் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள். குன்னூர் போய், ஓடினால் ஏறிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் எல்லோரும் ஏறும்போது ஜாக்கிரதையாக இருப்பார்கள், இறங்கும்போது கோட்டை விடுவார்கள். பிற்பகல் வண்டியில் ஊட்டியிலிருந்து போகிறவர்கள் மூன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறங்குகிறார்கள். வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாமல் ஸ்வெட்டர், மங்கி குல்லா, காலுறையோடு அப்படியே மேட்டுப்பாளையத்தில் தோளில் போட்டு இறக்குவதைத் தினமும் பார்க்கலாம். வியர்த்து நனைந்து, பிறகு இரவு ரயிலின் ஏசியில் போய்ப் படுத்தால் காலையில் சளி. ரன்னிமேட் நிலையம் தாண்டியதும் குல்லாவைக் கழற்றுங்கள், அதற்குக் கீழே அடர்லி நிலையத்தில் ஸ்வெட்டரை. கல்லாறு வருவதற்குள் பருத்திச் சட்டை மட்டும் இருக்கட்டும். சென்னை வண்டி இரவு ஒன்பது மணி தாண்டித்தான் கிளம்பும். அதற்குள் ஒரு துடைப்புக் குளியலுக்கும் தயிர்சாதத்துக்கும் நேரம் இருக்கிறது.